ஒரு சட்டகம், இரண்டு பெயர்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு 200 டாலர் வழக்கு

துப்பாக்கி என்ற சொல் நம்முடையதன்று. துருக்கிய மொழியில் பிறந்து, தெலுங்கு முதலிய அயல் மொழிகள் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது என்பது அகராதி செய்தோர் கருத்து. திருக்குறள் வான்சிறப்பு அதிகாரத்தில் இதே எழுத்துக் கோவை வருகிறதே என்று பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அங்கே அதற்கு ‘உணவாக ஆக்கி’ என்றுதான் பொருள். மழையைப் பற்றிய குறளுக்கும் மருந்து நிரப்பிச் சுடும் கருவிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சொல் இரவல் என்பதால்தானோ என்னவோ, நாம் அதில் வகை பிரித்துப் பார்ப்பதில்லை. போலீஸ்காரர் இடுப்பில் இருப்பதும் துப்பாக்கி, வங்கிக் காவலாளி தோளில் இருப்பதும் துப்பாக்கி. மிஞ்சினால் ஒன்றைக் கைத்துப்பாக்கி என்போம். அமெரிக்க நாட்டுச் சட்டத்திலோ பிஸ்டல், ரைபிள், ஷாட்கன் என்று தனித்தனிப் பெயர்கள், தனித்தனி விதிகள். பெயர் மாறினால் வரி மாறும். சில சமயம் பத்து வருஷச் சிறையும் வரும். அப்படிப்பட்ட நாட்டில், காலையில் பிஸ்டலாகவும் மாலையில் ரைபிளாகவும் இருக்கக்கூடிய ஒரு பொருளைச் செய்து விற்றால் என்ன ஆகும்? அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1992 ஜூன் 8 அன்று தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. ஒரு பக்கம் அமெரிக்க அரசு, மறு பக்கம் தாம்ப்சன் சென்டர் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி. வழக்குக்குக் காரணமான தொகை வெறும் 200 டாலர்.

சைக்கிள் உதிரி பாகமும் இரும்புச் சாமானும் விற்கிற சமண வியாபாரிக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வரலாறு.

1934-ஆம் ஆண்டுச் சட்டம்

1920-களில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. கள்ளச் சாராயத்தில் பணம் கொழுத்த கும்பல்கள் பட்டப் பகலில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோ நகரில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றது உலகறிந்த செய்தி. அப்போது பேர் பெற்ற ஆயுதம் ஜான் தாம்ப்சன் என்ற படை அதிகாரியின் பெயரால் வழங்கிய இயந்திரத் துப்பாக்கி. நம் வழக்கில் வரும் தாம்ப்சன் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1933 பிப்ரவரியில் மயாமி நகரில் ரூஸ்வெல்ட்டைக் குறி வைத்து ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டான். அவர் தப்பினார், அருகிலிருந்த சிகாகோ மேயர் செர்மாக் குண்டடி பட்டுப் பின்னர் இறந்தார். ரூஸ்வெல்ட் பதவி ஏற்றதும் அவருடைய அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் ஒரு மசோதாவை முன்னெடுத்தார். அதுவே 1934 ஜூன் 26 அன்று தேசிய சுடுகருவிச் சட்டமாக நிறைவேறியது.

மத்திய அரசு ஆயுதங்களை நேரடியாகத் தடை செய்தால் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற சந்தேகம் அந்நாளில் இருந்தது. ஆகவே தடை செய்யவில்லை, வரி போட்டார்கள். இயந்திரத் துப்பாக்கி போன்றவை ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 200 டாலர். அந்நாளில் ஒரு தாம்ப்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். பொருளின் விலைக்குச் சமமாக வரி என்றால் அது வருமானத்துக்காகப் போட்ட வரியா? எந்த வியாபாரிக்கும் விஷயம் புரியும். பிற்பாடு, அத்தகைய ஆயுதத்தைப் புதிதாகச் செய்வதற்கும் அதே 200 டாலர் வரி சேர்ந்தது. வரி என்ற பெயரில் இது செல்லும் என்று 1937-இல் சான்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

இனி வருவதுதான் முக்கியம். முதலில் எழுதிய மசோதாவில் பிஸ்டலும் ரிவால்வரும் இருந்தன. சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகக்கூடியவை எல்லாம் வரிக்குள் வர வேண்டும் என்பது எண்ணம். பிஸ்டலுக்கு மட்டும் வரி போட்டால் என்ன செய்வான் கள்ளன்? ரைபிள் வாங்கிக் குழலை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி மறைத்துக்கொள்வான். அந்தச் சந்தை அடைக்கக் குட்டைக்குழல் ரைபிளையும் குட்டைக்குழல் ஷாட்கன்னையும் பட்டியலில் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு எழுந்தது. பிஸ்டலும் ரிவால்வரும் மசோதாவிலிருந்து உருவப்பட்டன. குட்டை ரைபிள் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வீட்டை இடித்தவர்கள் வேலியை எடுக்க மறந்த கதை.

இதனால் வந்த விளைவைப் பாருங்கள். பத்து அங்குலக் குழலுடைய பிஸ்டலுக்கு இந்த வரி கிடையாது. 21 அங்குலக் குழலுடைய ரைபிளுக்கும் கிடையாது. ஆனால் அதே பத்து அங்குலக் குழலின் பின்னால் தோளில் ஊன்றிச் சுடும் கட்டை ஒன்றை மாட்டிவிட்டால் அது குட்டை ரைபிள்; வரி உண்டு, பதிவு உண்டு, பதியாவிட்டால் தண்டனை உண்டு. பிஸ்டலைவிட அது பெரிது, மறைப்பதும் கடினம். இருந்தும் சட்டத்தின் கண்ணில் அதுவே கொடியது. முதலில் 18 அங்குலம் என்றிருந்த எல்லை, 1960-இல் ரைபிளுக்கு 16 அங்குலமாகக் குறைந்தது. ஷாட்கன்னுக்கு 18 அங்குலமாகவே நின்றது.

1968-ஆம் ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டில்தான் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சட்டம் துப்பாக்கியின் சட்டகத்தையே, அதாவது குதிரையும் சுத்தியலும் அடங்கிய நடு உடலையே, ஒரு சுடுகருவியாகக் கணக்கிட்டது. குழலையும் கட்டையையும் கடையில் சாதாரணச் சாமான் போல வாங்கலாம். சட்டகத்தை அப்படி வாங்க முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி 18 வயது நிரம்பியவருக்கு ரைபிள் விற்கலாம், கைத்துப்பாக்கிக்கு 21 ஆக வேண்டும். வெறும் சட்டகம்? அது இன்னும் ரைபிளும் ஆகவில்லை, பிஸ்டலும் ஆகவில்லை. ஆகவே அதற்கும் 21 என்று வைத்தார்கள்.

நம் மொழியில் சட்டம் என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டல்லவா? கதவுக்கும் சட்டம், அரசுக்கும் சட்டம். குழப்பம் வேண்டாம் என்று கருவியின் உடலை இக்கட்டுரை முழுவதும் சட்டகம் என்றே எழுதுகிறேன்.

கன்டென்டர் என்னும் கருவி

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்பது சிறு ஊர். அங்கே கென்னத் தாம்ப்சன் என்பவருக்கு ஒரு பட்டறை. வாரன் சென்டர் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் அவரோடு சேர்ந்தார். இரண்டு பெயரும் சேர்ந்ததே கம்பெனியின் பெயர். 1967-இல் கன்டென்டர் என்ற பிஸ்டலை வெளியிட்டார்கள்.

அது ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் கருவி. குதிரைக் காப்பை அழுத்தினால் நடுவில் மடங்கித் திறக்கும். முன்கட்டையைக் கழற்றி, ஒரு கீல் ஆணியைத் தட்டி எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும்; வேறு அளவுக் குழலை மாட்டி ஆணியைத் திரும்பச் செருகினால் வேலை முடிந்தது. ஒரே சட்டகத்தில் சிறு குண்டும் சுடலாம், பெரிய குண்டும் சுடலாம். வேட்டைக்காரர்களும் குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்களும் விரும்பி வாங்கினார்கள். கொள்ளைக்காரன் ஒரு குண்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

சைக்கிள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பிரேம் ஒன்றுதான். அதில் வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் போட்டால் பந்தய வண்டி. கேரியரும் கனத்த டயரும் போட்டால் பால்காரர் வண்டி. பிரேமில் அடித்த நம்பர் மாறாது. வண்டியின் பெயர் மாறும்.

1985-இல் கொஞ்ச காலம் அந்தக் கம்பெனி ஒரு மாற்றுத் தொகுதியைச் செய்தது. அதில் 21 அங்குலக் குழல் ஒன்று, தோள்கட்டை ஒன்று, மரத்தாலான முன்கட்டை ஒன்று. பிஸ்டலின் கைப்பிடியையும் குழலையும் கழற்றிவிட்டு இவற்றை மாட்டினால் முறையான ரைபிள். வரி இல்லை, வம்பு இல்லை. ஆனால் வாங்கியவர் தோள்கட்டையை மாட்டிவிட்டுப் பழைய பத்து அங்குலக் குழலை அப்படியே விட்டுவிட்டால்? அது குட்டை ரைபிள் ஆகிவிடும். கம்பெனிக்கும் இது தெரியும். குறைந்த நீளக் குழலோடு இந்தக் கட்டையைப் பூட்டக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கட்டையிலேயே பொறித்திருந்தார்கள்.

இருநூறு டாலர் வழக்கு

துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அலுவலகம் கம்பெனிக்கு ஒரு கருத்தைத் தெரிவித்தது. பிஸ்டலையும் மாற்றுத் தொகுதியையும் ஒன்றாக வைத்திருந்தாலும் விற்றாலும் அது குட்டை ரைபிளைச் செய்ததற்குச் சமம் என்பது அதன் சாரம். யாரும் பூட்டவில்லை. பூட்ட முடியும் என்பதே போதும் என்றார்கள்.

இந்த இடத்தில் கம்பெனி செய்ததை நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். ஒளித்து விற்கவில்லை, மோதவும் இல்லை. ஒரே ஒரு தொகுதிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டு, 200 டாலர் வரியையும் கட்டியது. பிறகு, “இந்த வரி எனக்கு வராது, திருப்பிக் கொடுங்கள்” என்று மனுக் கொடுத்தது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. உடனே உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. ஜெயில் பயம் இல்லாமல் சட்டத்தின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிடச் சிக்கனமான வழி இருக்க முடியாது. முதலில் வரியைக் கட்டு, பிறகு வழக்காடு என்று நம் பெரியவர்களும் சொல்வார்கள்.

அந்த நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் கம்பெனி பக்கம் நின்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஒன்பது நீதிபதிகள், மூன்று வழிகள்

முடிவு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கம்பெனிக்குச் சாதகமானது. ஆனால் அந்த ஐவரும் ஒரே வழியில் வந்து சேரவில்லை.

முதன்மைக் கருத்தை எழுதியவர் நீதிபதி சூட்டர். தலைமை நீதிபதி ரென்க்விஸ்டும் நீதிபதி ஓ'கானரும் அவரோடு சேர்ந்தனர். அவருடைய வாதம் படி ஏறுவது போலப் போகிறது.

முதல் படி: பூட்டாத பொருளும் பொருளே. பெட்டிக்குள் பாகம் பாகமாக வரும் சைக்கிளை வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் அது சைக்கிள் இல்லை என்று ஆகிவிடுமா? இந்தச் சைக்கிள் உவமை தீர்ப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நம் கடைச் சரக்கைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆக, குட்டை ரைபிளுக்கு மட்டுமே உதவும் பாகங்களை முழுதாகச் சேர்த்து விற்றால், பூட்டாவிட்டாலும் அது செய்ததாகவே ஆகும்.

இரண்டாம் படி: ஒரு பிஸ்டலும் அதில் மாட்டக்கூடிய தோள்கட்டையும் ஒரே அலமாரியின் வேறு வேறு இழுப்பறைகளில் இருந்தன என்று முன்பொரு வழக்கு. அந்தக் கட்டைக்கு அந்தப் பிஸ்டலைக் குட்டை ரைபிள் ஆக்குவதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. ஆகவே அதுவும் சட்டத்துக்குள் வரும்.

மூன்றாம் படியில்தான் கன்டென்டர் நிற்கிறது. இங்கே தோள்கட்டைக்குச் சட்டப்படியான உபயோகம் ஒன்று இருக்கிறது. 21 அங்குலக் குழலோடு சேர்ந்து முறையான ரைபிள் ஆவது. எல்லாப் பாகங்களுக்கும் நேர்வழி ஒன்று இருக்கும்போது, குறுக்குவழியும் இருக்கிறது என்பதற்காகப் பொருளைக் குறுக்குவழியின் பெயரால் அழைக்கலாமா? சட்டத்தின் வாசகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், வரலாற்றைப் பார்த்தார்கள், தெளிவு கிடைக்கவில்லை. இது வரிச் சட்டம்தான், ஆனால் மீறினால் பத்து வருஷம் வரை சிறையும் பத்தாயிரம் டாலர் வரை அபராதமும் உண்டு. தண்டிக்கும் சட்டத்தில் சந்தேகம் வந்தால் அதன் பலன் குடிமகனுக்கு என்பது பழைய நெறி. அதன்படி 200 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

நீதிபதி ஸ்கேலியா, நீதிபதி தாமஸுடன் சேர்ந்து தனியாக எழுதினார். முடிவு ஒன்றே, வழி வேறு. ரைபிள் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், தோளிலிருந்து சுடுவதற்காக வடிவமைத்து, அதற்காகவே கருதிச் செய்தது என்ற பொருள் இருக்கிறது. பத்து அங்குலக் குழலோடு தோளில் ஊன்றிச் சுடுவது கம்பெனியின் கருத்தே அல்ல; கட்டையில் பொறித்த எச்சரிக்கையே சாட்சி. ஆகவே இது குட்டை ரைபிள் ஆகாது என்றார். சட்டசபை விவாதங்களைத் தோண்டிப் பொருள் காண்பதை அவர் இங்கேயும் ஏளனம் செய்யத் தவறவில்லை.

நீதிபதி வைட் மாறுபட்டார். பிளாக்மன், ஸ்டீவன்ஸ், கென்னடி ஆகியோர் அவருடன் நின்றனர். பாகங்கள் எல்லாம் ஒரே கையில் இருக்கின்றன, எளிதில் பூட்டிவிடலாம். ஆபத்தான ஆயுதம் பதிவில்லாமல் நடமாடக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். அந்த நோக்கம் இதனால் பழுதாகிறது என்பது அவர்கள் கவலை. நீதிபதி ஸ்டீவன்ஸ் தனியாகவும் ஒரு மாறுபட்ட கருத்தை எழுதினார். தள்ளிவிடக்கூடிய கவலை அல்ல அது. உயிர் சம்பந்தப்பட்ட பொருளில் தாராளம் காட்டலாமா என்பது யாரும் கேட்க வேண்டிய கேள்விதான்.

பொன்னும் குடமும்

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். ஆயுத வியாபாரம் எங்களுக்கு ஆகாது. சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு வகுத்த ஒழுக்கத்தில், கொலைக்குக் கருவியாகும் வாளையும் கோடரியையும் பிறருக்குக் கொடுப்பதே பயனற்ற பாவங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அந்த நூலின் வழியில் வந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படியிருக்க, ஒரு துப்பாக்கிக் கம்பெனி ஜெயித்த வழக்கை நான் ஏன் மெச்ச வேண்டும்?

சமண தத்துவத்தில் திரவியம், பரியாயம் என்று இரண்டு சொற்கள் உண்டு. திரவியம் நிலைப்பது, பரியாயம் அது அவ்வப்போது எடுக்கும் வடிவம். அதே சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் இதை விளக்கப் பொன் உவமை ஒன்று சொல்கிறார். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டியவன் வருந்துகிறான், மகுடம் வேண்டியவன் மகிழ்கிறான், பொன் வேண்டியவனுக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. மூவரும் பார்த்தது ஒரே பொருளைத்தான்.

கன்டென்டர் வழக்கில் சட்டகம் என்பது பொன். பிஸ்டலும் ரைபிளும் குட்டை ரைபிளும் அதன் வடிவங்கள். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பொன்னைப் பார்க்கிறது. சட்டகத்துக்கே நம்பர் அடித்துக் கணக்கு வைக்கிறது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் வடிவத்தைப் பார்க்கிறது. எத்தனை அங்குலம், தோள்கட்டை உண்டா என்று அளந்து பெயர் வைக்கிறது. அலுவலகம் இரண்டையும் விட்டுவிட்டு, இனி வரக்கூடிய வடிவத்துக்கு இப்போதே வரி கேட்டது. குடமாக இருக்கும்போதே மகுடத்துக்குச் சுங்கம் கேட்டால் எந்தத் தட்டானால் தொழில் செய்ய முடியும்?

இது துப்பாக்கியோடு நிற்கிற சங்கதி இல்லை. விற்பனை வரிக் காலத்தில் என் கடைக்கே ஒரு முறை இரண்டு பெட்டி வந்தது. ஒன்றில் பிரேமும் போர்க்கும், மற்றதில் ரிம்மும் பெடலும். இது உதிரி பாகமா, முழு வண்டியா என்று பரிசோதிக்க வந்தவர் அரை நாள் வாதாடினார். இரண்டு பெட்டியும் இரண்டு வேறு கடைக்காரர் ஆர்டர் என்று பில்லைக் காட்டிய பிறகே விட்டார். நம் நாட்டுச் சுங்க வரிப் பட்டியலின் பொருள்கோள் விதிகளில் இரண்டாவது இதைப் பற்றியதுதான்: பூட்டாமல் வந்தாலும், முழுப் பொருளின் அடிப்படைத் தன்மை இருந்தால் முழுப் பொருளாகவே கணக்கிடு என்கிறது. அங்கே விதி எழுத்தில் இருக்கிறது; வியாபாரி முன்கூட்டியே படித்துக்கொள்ளலாம். எழுத்தில் இல்லாததை அதிகாரியின் ஊகம் நிரப்பும்போதுதான் வம்பு வருகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். ஆயுதம் விற்பது தகுமா என்பது அறத்தின் கேள்வி. எனக்கு அதில் சந்தேகமில்லை, தகாது. ஆனால் எது குற்றம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாமல் தண்டிக்கலாமா என்பது சட்டத்தின் கேள்வி. அதில் துப்பாக்கிக்காரனுக்கு ஒரு நியாயம், சைக்கிள்காரனுக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாது. நமக்குப் பிடிக்காதவனுக்கு இன்று மறுத்த நியாயம் நாளைக்கு நம் கடை வாசலிலும் மறுக்கப்படும்.

தீர்ப்புக்குப் பிறகு

அமெரிக்க அலுவலகம் 2011-இல் ஒரு விளக்க ஆணை வெளியிட்டது. அதன்படி முதலில் பிஸ்டலாகப் பிறந்த கருவியை 16 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள குழலோடு ரைபிள் ஆக்கலாம். மறுபடி பிஸ்டலாகவும் திருப்பலாம். ஆனால் முதலில் ரைபிளாகப் பிறந்ததைக் குறைத்துப் பிஸ்டல் ஆக்கக் கூடாது. அது ரைபிளிலிருந்து செய்த ஆயுதம் என்று 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் போய்விடும். இரண்டையும் மேசையில் வைத்தால் கண்ணால் வேறுபாடு காண முடியாது. திருகாணி முதல் எல்லாம் ஒன்றுதான். பிறப்பு மட்டும் வேறு. பிறப்பை வைத்துத் தரம் பிரிப்பதை நாம் நம் ஊரில் நிறையவே பார்த்திருக்கிறோம். இரும்புக்கும் அது உண்டு என்று நான் இதில்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: இந்த விதி விசித்திரமாக இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது. வாங்குகிறவன் முதலில் எதைப் பூட்டுவது என்று தெரிந்து பூட்டலாம்.

பிறகு பிஸ்டலின் பின்புறம் முழங்கையில் கட்டிக்கொள்ளும் தாங்கி ஒன்று வந்தது. அதைத் தோளிலும் ஊன்றலாம். அது பிஸ்டலா, குட்டை ரைபிளா? 2023 ஜனவரியில் அலுவலகம் பெரும்பாலானவற்றைக் குட்டை ரைபிள் பக்கம் தள்ளும் விதியை வெளியிட்டது. 2024 ஜூனில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

பூட்டாத பாகங்கள் பற்றிய கேள்வியும் திரும்ப வந்தது. நம்பர் இல்லாத, வீட்டிலேயே முடித்துக்கொள்ளும் துப்பாக்கித் தொகுதிகள் பெருகியபோது, அவற்றையும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் கொண்டுவர 2022-இல் விதி வந்தது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அந்த விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச் சைக்கிளை விட்டுவிட்டு மேசையை எடுத்துக்கொண்டார்: கடையில் வாங்கிய மேசையை இன்னும் பூட்டாவிட்டாலும் மேசை என்றுதானே சொல்கிறோம் என்றார். இந்தத் தீர்ப்பு 1992-க்கு முரண் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தொகுதிகளுக்குத் துப்பாக்கி ஆவதைத் தவிர வேறு வழி கிடையாது. அது சூட்டர் சொன்ன முதல் படி. கன்டென்டர் நின்றது மூன்றாம் படியில். 1992-இல் ஸ்கேலியாவோடு கையெழுத்திட்ட நீதிபதி தாமஸ் 2025-இல் மாறுபட்ட இருவரில் ஒருவராக இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 200 டாலருக்கு நேர்ந்தது. 1934-இல் ஒரு துப்பாக்கி விலைக்குச் சமமாக இருந்த அந்தத் தொகை, பணத்தின் மதிப்பு எவ்வளவோ இறங்கியும் தொண்ணூறு ஆண்டுகள் மாறவே இல்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைபிளுக்கும் குட்டை ஷாட்கன்னுக்கும் அந்த வரியைப் பூஜ்யம் ஆக்கியது. இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடி ஆயுதங்களுக்கும் மட்டும் 200 டாலர் தொடர்கிறது. குட்டை ரைபிளுக்குப் பதிவு மட்டும் உண்டு, வரி கிடையாது. வரி என்ற பேரில் 1937-இல் நிலைபெற்ற சட்டம், வரி போன பிறகு எந்தக் காலில் நிற்கும் என்ற கேள்வி உடனே கிளம்பியது.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தச் சிக்கல் இவ்வளவு தூரம் வளராததற்குக் காரணம் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சுடுகருவி என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவில், ஒரு வகைச் சுடுகருவியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் சேர்த்தது. ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகவும் குறைத்தது. இங்கே ஆயுதம் சலுகை. அங்கே அது உரிமை. அடித்தளம் வேறு என்பதால் கட்டடமும் வேறு.

நிறைவாக

இந்த வழக்கின் தாள்களைப் படிக்கத் தமிழன் ஒருவனுக்கு வேண்டியது பொறுமையும் ஒரு நல்ல அகராதியும்தான். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத நானே படித்திருக்கிறேன் என்றால், வெளி மாநிலங்களில் பிறந்து பல மொழி படிக்கும் நம் பிள்ளைகள் இன்னும் எவ்வளவோ படிக்கலாம். அப்படிப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். பிஸ்டலைப் பட்டியலிலிருந்து எடுத்த அன்றே குட்டை ரைபிள் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தால் தொண்ணூறு வருஷ வழக்குகளில் பாதி வந்திருக்காது. சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு வரியை நீக்கும்போது அதைத் தாங்கி நின்ற அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடையில் ஒரு சரக்கை நிறுத்தினால் அதற்கென்று வாங்கி வைத்த பெட்டியையும் கணக்கிலிருந்து எடுக்கிறோம் இல்லையா, அதைப் போல.